தண்டல் எழுதிய பொய்க்கணக்கும் துரை கேட்காத கேள்வியும்

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. தெலுக் இந்தானை அடுத்த ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். செம்பனைத் தோட்டமொன்றில் மேலாளராக இருக்கிறேன், வயது 41. அம்மா இதே வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்தில் வளர்ந்து, படித்து, இந்த நாற்காலிக்கு வந்தவன். கம்பெனிக் காசில் ஒரு சென் தொட்டதில்லை. கண்டிப்பானவன் என்று பெயர். தினமும் காலைப் பெரட்டில் (வேலைக்கு இறங்குமுன் ஆட்கள் கூடும்போது) ‘நேற்று எத்தனை டன்?’ என்று கேட்பேன், குறைந்தால் விடமாட்டேன்.

போன மாதம் ஆலையிலிருந்து, எங்கள் பழத்தில் காய்க்குலை அதிகம் என்று அறிக்கை வந்தது. விசாரித்தால் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. உதிரிப்பழத்தைப் பொறுக்காமல் மட்டைக்கு அடியில் மறைக்கிறார்கள். வேலைக்கு வராத இரண்டு பெண்களுக்கு ஒரு தண்டல் (ஆட்களை மேற்பார்ப்பவர்) செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பேர் போட்டிருக்கிறார். ஒருத்தியின் பிள்ளைக்கு டெங்கி. பழம் அதிகமான மாதம் என்று நான் விடுப்பு மறுத்திருந்தேன். மருந்து தெளிப்பவர்களின் பயிற்சிப் பதிவேட்டில், நடக்காத பயிற்சிக்குக் கையெழுத்து இருக்கிறது. ‘அடுத்த வாரம் ஆடிட், ஃபைல் எல்லாம் சரியாக இருக்கணும், முடிச்சு வையுங்க’ என்றுதான் பெரிய கிராணியிடம் (தலைமை எழுத்தரிடம்) சொன்னேன். பொய் எழுதச் சொல்லவில்லை. கையெழுத்தெல்லாம் ஒரே பேனாவில் இருந்ததைப் பார்த்தேன், அப்போது கேட்கவில்லை. எல்லாவற்றையும்விட, நல்ல காடு (பழம் நிறைய உள்ள வெட்டுப்பகுதி) வேண்டுமென்றால் வங்காளதேசத் தொழிலாளிகள் தலைக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) மூத்த தண்டலுக்குக் கொடுக்கிறார்களாம். அவர் என் அப்பாவின் கூட்டாளி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், கோவில் கமிட்டியில் இருப்பவர்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது புதிதாகச் சேர்ந்த ஒரு கிராணிப் பெண். எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டுக் கேமரா மாட்டிவிடலாமா? நான் நேர்மையாக இருந்தும் எனக்குக் கீழே ஏன் இப்படி நடக்கிறது?

பெயர் வேண்டாம், கீழ்ப் பேராக், மலேசியா

பதில்:

தம்பி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் நேர்மையானவர் என்பதை நான் நம்புகிறேன். ஆனால் உங்கள் ஆட்களுக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள் வாங்காத லஞ்சத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவர்கள் அன்றாடம் பார்ப்பது வேறு. விடிகாலைப் பெரட்டில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, யாரைப் பாராட்டுகிறீர்கள், யாரிடம் குரல் உயர்கிறது, எதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறீர்கள். இந்த இடத்தில் எதைச் செய்தால் பிழைக்கலாம், எதைச் செய்தால் மாட்டுவோம் என்று அவர்கள் கற்றுக்கொள்வது இவற்றை வைத்துத்தான்.

நிர்வாகத்தில் நேர்மையைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் லிண்டா டிரெவினோவும் அவருடைய சகாக்களும் 2000-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். தலைவருடைய நேர்மைக்கு இரண்டு பாதி உண்டு. தான் நல்ல மனிதராக இருப்பது ஒரு பாதி. நேர்மையையும் வேலையின் ஒரு பகுதியாக எடுத்து நடத்துவது மறு பாதி. அதாவது அதைப் பற்றி வாய்திறந்து பேசுவது, அதை வைத்துப் பாராட்டுவது, அதை வைத்துத் தண்டிப்பது. மறு பாதி இல்லாத தலைவரைக் கீழே இருப்பவர்கள் நல்லவர் என்றும் நினைப்பதில்லை, கெட்டவர் என்றும் நினைப்பதில்லை. ‘இவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை, கணக்குதான் முக்கியம்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் கடிதத்தில் முதல் பாதி நிறையவே இருக்கிறது. மறு பாதியைத் தேடிப் பார்த்தேன், எங்கேயும் கிடைக்கவில்லை.

‘நேற்று எத்தனை டன்?’ என்ற அந்தக் கேள்வியைத் தண்டலின் இடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். செம்பனை ஆண்டு முழுவதும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. பொதுவாக நம் நாட்டில் ஆண்டின் பிற்பாதியில் குவியும், ஆண்டுத் தொடக்கத்தில் குறையும். பூவில் மகரந்தம் சேர்ந்து குலை பழுக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். துரை கோபப்பட்டார் என்று அது முந்திப் பழுக்காது. குறைந்த மாதத்திலும் அதே டன்னைக் கேட்டால் தண்டலுக்கு இருப்பது இரண்டே வழி. பத்துப் பேர் முன்னால் உங்களிடம் பேச்சு வாங்கலாம். இல்லாவிட்டால் உதிராத குலையையும் வெட்டச் சொல்லி, லோரியின் அடியில் போட்டு, மேலே பழுத்ததைப் பரப்பி அனுப்பலாம். மரத்தில் இல்லாத பழத்தை யாராலும் நேர்மையாக வெட்ட முடியாது.

உதிரிப்பழமும் அப்படித்தான். நன்றாகப் பழுத்து எண்ணெய் நிறைந்தது அதுதான் என்று உங்களுக்குத் தெரியும், தண்டலுக்கும் தெரியும், வெட்டுகிறவருக்கும் தெரியும். ஆனால் மரத்தடியில் குனிந்து பொறுக்கும் நேரத்தில் இன்னும் சில குலைகளை இறக்கிவிடலாம். குலையைப் பற்றிக் காலையில் கேள்வி உண்டு, உதிரியைப் பற்றிக் கேள்வியே கிடையாது என்றால், மட்டையை இழுத்து மூடிவிட்டு அடுத்த மரத்துக்குப் போவதுதான் வெட்டுகிறவருக்கு லாபம். அவருடைய குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருக்கு எதற்குக் காசு கிடைக்கிறது, எதற்குத் திட்டு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இது தோட்டத்தில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தது. எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பேரில் கணக்குத் திறந்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்து, 185 மில்லியன் டாலர் அபராதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது. நீக்க நீக்கப் பொய்க்கணக்கும் தொடர்ந்தது, ஏனென்றால் இலக்கு அப்படியே இருந்தது. எல்லாரையும் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்திவிட்டு அதே டன் கேள்வியோடு புது ஆட்களை எடுத்தால், அவர்களும் சில மாதத்தில் இதையேதான் செய்வார்கள்.

கேமராவைத் தராசு இருக்கும் இடத்திலும் ஸ்டோரிலும் மாட்டுங்கள், அங்கே பயன் உண்டு. வெளிக்காட்டுக்கு அது உதவாது. 1939-இல் குர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய மாணவர்களும் பத்து வயதுப் பையன்களைக் குழுக்களாகப் பிரித்து, அதட்டி நடத்தும் தலைவரிடமும் கலந்து பேசி நடத்தும் தலைவரிடமும் மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்கள். அதட்டுகிறவர் அறையில் இருந்தவரை வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. கலந்து பேசியவர் வெளியே போனபோது வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. உங்கள் மோட்டார் சத்தம் எத்தனை காடுவரை கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு அப்பால் உங்கள் கண்டிப்பு வேலை செய்வதில்லை.

பதிவேட்டைப் பற்றி இப்போது பேச வேண்டும். நீங்கள் இதைக் கடிதத்தின் நடுவில் சின்ன விஷயமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

பயிற்சி நடக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரத்தில் ஃபைல் சரியாக வேண்டும் என்று சொன்னீர்கள். பயிற்சியை நடத்துங்கள் என்று சொல்லவில்லை, நடத்தாததை ஆடிட்டரிடம் ஒத்துக்கொள்வோம் என்றும் சொல்லவில்லை. அப்புறம் கிராணிக்கு என்ன வழி மிச்சம்? அவர் எழுதினார். நீங்கள் பார்த்தீர்கள். ஒன்றும் கேட்காமல் நகர்ந்தீர்கள். ஆபீஸில் இருந்த எல்லாருக்கும் அன்றைக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: தாளில் சரியாக இருந்தால் போதும், துரை அதற்குமேல் கேட்கமாட்டார். தோட்டத்து ஆபீஸில் காலையில் நடப்பது மாலைக்குள் லயத்துக்குப் போய்விடும் என்பது லயத்தில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செக்ரோலில் பொய்ப்பேர் போட்ட தண்டலின் கைக்குத் தைரியம் வந்தது இங்கிருந்துதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சி யாருக்காக? முதுகில் மருந்து டாங்கியைச் சுமந்து போகும் பெண்களுக்காக. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக இப்போது தெளிக்கும் மருந்துகள் தண்ணீர் இல்லை. எதை எப்படிக் கலப்பது, காற்று அடித்தால் எந்தப் பக்கம் நிற்பது, கையுறை கிழிந்தால் யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி முதலாளியின் கடமை. எம்எஸ்பிஓ சான்றிதழ் (மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ்) 2020-லிருந்து கட்டாயமானதும் இதுபோன்றவற்றை உறுதிப்படுத்தத்தான். அந்தத் தாளில் பொய் எழுதினால் நட்டம் அவர்களுடைய உடம்புக்கு.

செக்ரோல் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். டெங்கியில் படுத்த பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் காட்டுக்கு இறங்கமாட்டாள். நீங்கள் விடுப்பு மறுத்தீர்கள். தண்டல் இரக்கப்பட்டுப் பேர் போட்டார். அது தவறுதான், அதற்குக் கண்டிப்பு வேண்டும். ஆனால் 1955 வேலைச் சட்டம் இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 8 நாள் விடுப்பு தருகிறது, ஐந்தாண்டு தாண்டியவருக்கு 16 நாள். நேர்மையான வழியில் கிடைத்திருக்க வேண்டியதை நீங்கள் அடைத்ததால், மனிதாபிமானம் உள்ள ஒருவர் அதைப் பொய் வழியில் கொடுத்தார். அளவுக்கு மீறிக் கண்டிப்பாக இருக்கும் பல இடங்களில் இதைப் பார்க்கிறேன். அங்கே முதலில் பொய் சொல்ல ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கெட்டவர்கள் இல்லை. தங்கள் ஆட்களைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள். அந்த இரண்டாவது பெண்ணின் கதையையும் கேளுங்கள். அதுவும் இப்படியே இருந்தால் விடுப்பு கொடுக்கும் முறையை மாற்றுங்கள். வேறு மாதிரி இருந்தால் வேறு மாதிரி நடவடிக்கை எடுங்கள்.

50 வெள்ளி விஷயம் அப்படிப்பட்டதில்லை. அங்கே இரக்கம் கிடையாது. மொழி தெரியாமல், கடன் பட்டு, கடல் தாண்டி வந்தவனிடம் பிடுங்குவது அது. நம் தாத்தாக்கள் காலத்துக் கங்காணிக்கு, தன் ஆட்களில் எத்தனை பேர் அன்று வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை பேருக்கும் தலைக்காசு கிடைத்தது. நோயாளியையும் காட்டுக்கு விரட்டுவதில் அவருக்கு லாபம் இருந்தது. 1938-இல் இந்தியா தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்தக் கங்காணி முறை முடிந்தது. நம் குடும்பங்கள் எதை அனுபவித்தனவோ அதை இன்றைக்கு இன்னொரு நாட்டுப் பிள்ளைகளுக்கு நம்மவரே செய்கிறார் என்றால் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டமும் பொறுக்காது, 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் கம்பெனியில் வாங்கும் லஞ்சத்தையும் குற்றம் என்றே சொல்கிறது.

சரி, இனி என்ன செய்வது?

யாரையும் விசாரிப்பதற்கு முன்னால் பதிவேட்டை நீங்கள் திருத்துங்கள். தலைமையகத்துக்கு எழுத்தில் சொல்லுங்கள்: இந்தத் தேதிகளில் பயிற்சி நடக்கவில்லை, பதிவு பொய், எனக்குத் தெரிந்திருந்தும் கேட்கவில்லை, இந்த மாதத்துக்குள் பயிற்சியை உண்மையிலேயே நடத்துகிறேன். இதனால் உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம், போனஸும் போகலாம். ஆனால் இதைச் செய்யாமல் ஒரு தண்டலை நீங்கள் விசாரித்தால் உங்கள் எதிரிலேயே அவர் கேட்பார்: ‘பதிவேட்டுக்கு என்ன சொல்றீங்க தம்பி?’ அவர் கேட்காவிட்டாலும் மற்ற எல்லாரும் மனதுக்குள் கேட்பார்கள். நீங்கள் சொன்னதைக் காலைப் பெரட்டிலும் சொல்லுங்கள், நான்கு வாக்கியம் போதும். பெரிய கிராணியைத் தனியாக விட்டுவிடாதீர்கள்; உங்கள் பங்கை நீங்கள் ஏற்ற பிறகுதான் அவருடைய பங்கைப் பற்றிப் பேச முடியும்.

அதன் பிறகு, தலைமையகத்தின் சம்மதத்தோடு, காய்க்குலை, உதிரிப்பழம், செக்ரோல் இந்த மூன்றுக்கும் ஒரு தவணை கொடுங்கள். மாதக் கடைசிக்குள் யார் வந்து உள்ளதைச் சொன்னாலும் வேலை போகாது என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். காசு பிடுங்கியதற்கு இந்தத் தவணை கிடையாது.

மூத்த தண்டலின் விஷயத்தில் கோபத்தில் ஒரு நாளில் முடிவெடுக்காதீர்கள். வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு முறையான விசாரணைக்குப் பிறகே வேலைநீக்கம் என்கிறது. விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல், பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, அவரை ஒதுக்கி வைக்கலாம். குற்றம் நிரூபணமாகாவிட்டால் மீதியையும் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு நீக்கினால் 60 நாளுக்குள் அவர் 1967 தொழிலுறவுச் சட்டப்படி முறையிடலாம், தோற்பது நீங்களாக இருக்கலாம். அவர் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தால் சங்கப் பிரதிநிதியையும் கூப்பிடுங்கள். வங்காளதேசப் பையன்களிடம் வாக்குமூலம் வாங்கும்போது, மொழிபெயர்க்க அவருக்கு வேண்டியவர் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன். அவர்களுடைய கடப்பிதழ்கள் உங்கள் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கின்றனவா? அப்படியென்றால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதை நீங்கள் வைத்துக்கொண்டிருக்கும்வரை உங்களிடம் யாரும் வாய்திறக்கமாட்டார்கள்.

காடு பிரிப்பதைத் தண்டலின் கையிலிருந்து எடுத்து, எல்லார் முன்னாலும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றுங்கள். விற்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாதவர் எதை விற்பார்?

அவரை மாமா என்று கூப்பிடுவதை நிறுத்த வேண்டாம். விசாரணைக் கடிதத்தை நீங்களே அவர் கையில் கொடுங்கள், ஆள் விட்டு அனுப்பாதீர்கள். கோவிலில் பார்த்தால் வணக்கம் சொல்லுங்கள். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அப்பாவிடமும் வந்து முறையிடுவார்கள். அதைத் தாங்கத்தான் வேண்டும். சொந்தக்காரருக்கு ஒரு சட்டம், வங்காளதேசக்காரனுக்கு ஒரு சட்டம் என்று ஆட்கள் ஒரு தடவை கண்டுவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் நேர்மையைப் பற்றி என்ன பேசினாலும் ஏறாது.

அந்தக் கிராணிப் பெண்ணை நினைத்துத்தான் எனக்குக் கவலை. 2010-ஆம் ஆண்டுத் தகவல் வழங்குவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்க அமைப்பிடம் போய்ச் சொல்கிறவரைத்தான் காக்கும். உங்களிடம் வந்து சொன்னவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவருக்கு இருப்பது நீங்கள் மட்டும்தான். அவர் பெயரை யாரிடமும் சொல்லாதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள். விசாரணையைச் செக்ரோல், ஆலை அறிக்கை, தொழிலாளர் வாக்குமூலம் ஆகியவற்றை வைத்தே நடத்துங்கள். அவர் சாட்சி சொல்ல வேண்டிய நிலைமை வரக்கூடாது. அவருக்குத் திடீரென்று வேலை கூடுகிறதா, மற்றவர்கள் பேசாமல் ஒதுக்குகிறார்களா என்று கவனித்துக்கொண்டே இருங்கள். புதிதாக வந்த ஒரு பெண் உங்கள் கதவைத் தட்டிச் சொன்னாள் என்றால், உங்களிடம் அவள் ஏதோ நல்லதைக் கண்டிருக்கிறாள். அதைக் காப்பாற்றுங்கள்.

பெரட்டில் கேள்வியை மாற்றுங்கள். முதலில், யாருக்காவது அடிபட்டதா, உடம்புக்கு முடியவில்லையா? அடுத்தது, நேற்றுக் காய்க்குலை எத்தனை, ஏன்? உதிரி எத்தனை மூட்டை? டன் கடைசியில் வரட்டும். காய்க்குலை இருபது என்று ஒரு தண்டல் உண்மையைச் சொன்னால், முதல் வார்த்தையாக ‘சொன்னதுக்கு நன்றி அண்ணே’ என்று சொல்லிவிட்டு அப்புறம் காரணம் கேளுங்கள். முதல் முறை உண்மை சொன்னவரிடம் நீங்கள் எரிந்து விழுந்தால் இரண்டாம் முறை யாரும் சொல்லமாட்டார்கள். 2009-இல் டேவிட் மேயர் முதலிய ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: மேலே இருப்பவரின் நேர்மை தொழிலாளிக்குப் போய்ச் சேருவது நேரடி மேற்பார்வையாளர் வழியாகத்தான். உங்கள் தோட்டத்தில் தண்டல்கள்தான் அந்த வழி. அவர்களைப் பத்துப் பேர் முன்னால் சிறுமைப்படுத்தினால், அதையே அவர்கள் வெட்டுகிறவர்களிடம் கொண்டுபோய் இறக்குவார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் உங்கள் கணக்கு மோசமாகத் தெரியும். மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடக்கும் தாதியர் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்ததைக் கண்டு முதலில் குழம்பினார். அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்பது பிறகு புரிந்தது. உங்களுக்கும் அப்படித்தான் வரும். காய்க்குலை எண்ணிக்கை ஏறும், சின்னச் சின்ன விபத்துகள் பதிவாகும், வராதவர்கள் வராதவர்களாகவே எழுதப்படுவார்கள். இதைத் தலைமையகத்துக்கு இப்போதே எழுதிவிடுங்கள், அப்போது யாரும் பதறமாட்டார்கள்.

அந்தக் கடிதத்திலேயே இலக்கைப் பற்றியும் எழுதுங்கள். கடந்த ஐந்தாண்டு மாதவாரிக் கணக்கை எடுத்து, குறையும் மாதத்துக்குக் குறைந்த இலக்கும், பழுத்த குலை விகிதத்துக்கும் உதிரிக்கும் ஊக்கத்தொகையும் கேளுங்கள். ஆலை தரம் குறைத்துப் பிடித்த தொகையையும் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். மேலே இருப்பவர்களுக்கு அது புரியும். அவர்கள் முடியாது என்று சொன்னால், அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்த மாதங்களில் டன் குறைந்ததற்கு மரத்தில் பழம் இல்லை என்ற காரணத்தை உள்ளபடி எழுதி அனுப்புங்கள். பேச்சு வந்தால் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பெரட்டில் தண்டல்கள் தலையில் இறக்காதீர்கள்.